முன்பாரத்தின் கணக்கு: கரும்பு டிராக்டருக்கு எடைபகிர் கொக்கி தேவையா?

திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரக் கரும்பு டிராக்டர்களிலும் லாரிகளிலும் அந்த ஆலையை நோக்கி நகரும். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையும் அதில் வந்து சேரும் கிராமச் சாலைகளும் அந்த மாதங்களில் பாரம் சுமக்கும். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழாவுக்காகத் திருத்தணி மலையின் 365 படிகளைத் தேடி வரும் பக்தர்களில் கால்நடையாக வருகிறவர்களும் உண்டு. அவர்கள் நடக்கும் சாலையும் கரும்பு போகும் சாலையும் பல இடங்களில் ஒன்றுதான்.

அந்தச் சாலையில், ஏற்றம் தொடங்கும் இடத்தில், பாரம் ஏற்றிய டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி மறுபடி இறங்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். 'முன்னாடி தூக்குது' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் முன்சக்கரம் தரையில் அழுந்தாத அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பத்து டன் பாரம் தன் போக்கில் போகும்.

இதே குறைக்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் தீர்வு ஒன்று உண்டு. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே குடும்பங்கள் படுக்கை, அடுப்பு, குளியலறையோடு கூடிய சக்கர வீட்டைக் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்கின்றன. வீட்டின் மூக்கு காரின் பின்புறத்தை அழுத்த, காரின் முன்புறம் எழும்புகிறது. அதைத் தணிக்க அவர்கள் பூட்டுவது எடைபகிர் கொக்கி. குறை ஒன்றாக இருப்பதால் தீர்வும் இங்கே பொருந்திவிடுமா என்பதுதான் கேள்வி.

மூன்று அளவைகளைக் கொண்டு இதைப் பார்க்கலாம். முன்சக்கரத்துக்கு எவ்வளவு எடை திரும்பக் கிடைக்கிறது? அதற்காகப் பின்சக்கரம் எவ்வளவு இழக்கிறது? வயலிலிருந்து ஆலை வரையுள்ள வழியில் அந்தக் கருவி தாங்குமா?

காரில் அது எப்படி வேலை செய்கிறது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதன் மேல் டிரெய்லரின் மூக்கு 200 கிலோவாக அழுத்துகிறது. பின் அச்சை மையமாக வைத்துப் பார்த்தால் முன் அச்சு 80 கிலோவை இழக்கிறது. பின் அச்சில் 280 கிலோ கூடுகிறது.

எடைபகிர் கொக்கியில் இரண்டு வில்தண்டுகள் இருக்கும். ஒரு முனை கொக்கித் தலையில் செருகியிருக்கும். மறுமுனையை டிரெய்லரின் சட்டத்தோடு சங்கிலியால் மேலே இழுத்துக் கட்டுவார்கள். தண்டுகள் வளைந்து விறைத்து நிற்கும்போது, காரும் டிரெய்லரும் கொக்கியில் மடங்கி உட்காருவதை அவை எதிர்க்கின்றன. விறைப்பைச் சரியாக வைத்தால் முன் அச்சு இழந்த 80 கிலோவும் திரும்பிவிடும். டிரெய்லரின் அச்சு கொக்கியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மேல் 55 கிலோ கூடும். காரின் பின் அச்சில் மிஞ்சுவது 145 கிலோ. கூட்டிப் பார்த்தால் அதே 200 கிலோ. ஒரு கிலோகூட மறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

பூட்டும் முறையும் இந்தக் கணக்கிலிருந்து வருவதே. சமதளத்தில் காரை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை மூன்று முறை அளக்க வேண்டும்: டிரெய்லர் இல்லாமல் ஒரு முறை, தண்டு போடாமல் டிரெய்லரை மட்டும் மாட்டி ஒரு முறை, தண்டையும் விறைத்தபின் ஒரு முறை. முதல் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்புறம் எழும்பிய அளவு. அதில் பாதியை மீட்டால் போதும் என்று சில கார்களின் கையேடு சொல்லும். முழுவதையும் மீட்கச் சொல்வதும் உண்டு. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 2008-ல் கொண்டுவந்த ஜே2807 என்ற தர விதியும் முன் அச்சில் மீட்கும் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கூடுதலாக விறைத்தால் பின் அச்சு இலேசாகி, ஈரச் சாலையில் காரின் பின்புறம் வழுக்கும். ஆகவே சங்கிலியில் எத்தனையாவது கண்ணியை மாட்டுவது, கொக்கித் தலையை எவ்வளவு சாய்ப்பது என்பதையெல்லாம் கண்மதிப்புக்கு விட முடியாது.

கருவியின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கார் இழுக்கக்கூடிய எடையை அது கூட்டாது. பிரேக்கின் வேலையைச் செய்யாது. டிரெய்லரின் பின்பாதியில் சாமான் குவிந்து மூக்கு இலேசாகிவிட்டால், வால் ஆடுவதற்கு அது மருந்தும் ஆகாது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு மூக்கில் இருக்கட்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவிலோ மூக்குப் பாரத்தைப் பெரும்பாலும் 100 கிலோவுக்குள் அடக்கி, வேகத்தையும் குறைத்து ஓட்டுகிறார்கள். அங்கே எடைபகிர் கொக்கி அரிது. ஆக, கேரவன் இழுப்பதிலேயேகூட இது எல்லாரும் ஏற்ற ஒரே வழி ஆகிவிடவில்லை. கனத்த மூக்கை இலேசான காரில் சுமத்தும் ஏற்பாட்டுக்கு உரிய கருவி அது. அந்த ஏற்பாட்டில், முறையாகப் பூட்டினால், நல்ல கருவி.

டிராக்டரின் கணக்கு வேறு

இப்போது கரும்புக்கு வருவோம். டிராக்டர் 2,000 கிலோ. அதில் முன் அச்சில் 800, பின் அச்சில் 1,200. அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 0.6 மீட்டர் பின்னால், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். இரண்டு சக்கர டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 8,000 கிலோ. அதில் 1,000 கிலோ மூக்கில். இவை ஒரு நடுத்தர டிராக்டரை மனத்தில் வைத்து எடுத்த எண்கள். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் போக்கு மாறாது.

நின்ற நிலையிலேயே முன் அச்சு 300 கிலோ இழந்து 500-க்கு வந்துவிடுகிறது. இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் இழுக்கத் தொடங்கினால், இழுவையின் விசையும் சரிவும் சேர்ந்து அதைச் சுமார் 315 ஆக்கும். வயலின் இளகிய மண்ணில் டிரெய்லரைக் கிளப்பும்போது ஏறக்குறைய 290. டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டீயரிங் கைக்குள் இருக்கும் என்பது வேளாண் பொறியியலில் பரவலாகக் கைக்கொள்ளும் அளவு. நம் டிராக்டருக்கு அது 400 கிலோ. கிளட்சை வெடுக்கென்று விட்டாலோ, சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, மிச்சமிருக்கும் 290-ம் ஒரு நொடியில் காணாமல் போகும்.

பாரவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாட்டின் மூச்சைப் பார்த்தே மூட்டையை நகர்த்தி வைப்பார்கள். டிராக்டர் மூச்சு வாங்கிக் காட்டாது. அதனால் கணக்குதான் காட்ட வேண்டும்.

ஆனால் காரிலிருந்து டிராக்டர் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. தீர்ப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. காரின் பின்னால் விழும் பாரம் தொல்லை. டிராக்டரின் பின்னால் விழும் பாரம் அதன் பலம். பின்சக்கரத்தின் மேல் எடை இருந்தால்தான் டயர் மண்ணைப் பிடிக்கும். முன்பக்கம் தூக்கிக் கவிழ்வதற்குப் பெயர்போனவை அந்தக்கால ஃபோர்ட்சன் டிராக்டர்கள். கலப்பையின் எடையையும் இழுவையையும் டிராக்டரையே தரையோடு அழுத்தும் விசையாக மாற்றும் மும்முனை இணைப்பை ஹாரி ஃபெர்குசன் 1920-களில் உருவாக்கினார். சென்னையின் டாஃபே நிறுவனம் செய்த மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் வழியாக அந்தப் பெயர் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. ஃபெர்குசன் தன் இரண்டு சக்கர டிரெய்லரை வடிவமைத்தபோதும் அச்சைப் பின்தள்ளி வைத்து, பாரத்தின் ஒரு பங்கைத் தெரிந்தே டிராக்டரின் மேல் சாய்த்தார். கொக்கியைத் தாழ்வாகவும் பின் அச்சுக்கு மிக அருகிலும் வைத்தார். மூக்குப் பாரத்தைப் பகையாகப் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

விலை என்ன?

முன் அச்சில் எடையைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்சக்கரம் கொடுக்கும் விலை வேறு.

எடைபகிர் கொக்கியைப் பூட்டி முன் அச்சில் 125 கிலோ மீட்பதாக வைப்போம். டிரெய்லர் அச்சு கொக்கிக்கு 3.5 மீட்டர் பின்னால் இருந்தால், அதன் மேல் 71 கிலோ கூடும். டிராக்டரின் பின் அச்சு 196 கிலோ இழக்கும். முன்னால் மீட்கும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் பின்னால் 157 கிலோ போகிறது.

இரண்டாவது வழியில், கொக்கியைப் பின் அச்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் முன்னால் வரும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் பின்னால் அதே 100 போகும்.

மூன்றாவது வழி முன் வெயிட். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 100 கிலோ இரும்பைத் தொங்கவிட்டால் முன் அச்சில் 125 கிலோ கூடும். பின் அச்சு இழப்பது 25 மட்டுமே. 100 கிலோவுக்கு 20 கிலோ விலை.

சேற்றில் இந்த விலை எப்படித் தெரியும் என்று பாருங்கள். இளகிய மண்ணில் நம் டிரெய்லரை இழுக்கச் சுமார் 840 கிலோ விசை வேண்டும். அந்த மண்ணில் பின்சக்கரம் தன் மேலுள்ள எடையில் 35 விழுக்காட்டை இழுவையாக மாற்றும் என்று கொண்டால், கிடைப்பது 950 அளவு. கையில் நூறு கிலோ மிச்சம். முன் வெயிட் போட்ட பிறகும் 940 இருக்கும். எடைபகிர் கொக்கி போட்டால் 880-க்கு இறங்கிவிடும். டிரெய்லர் அச்சில் கூடிய எடையால் தேவையோ 849-க்கு ஏறிவிடும். மிச்சம் முப்பது. சக்கரம் சுழலத் தொடங்கிக் குழி பறிக்கும் நிலை அது. குழிக்குள் சிக்கிய பின்சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் முறுக்கும்போதுதான் டிராக்டரின் முன்புறம் மிக வேகமாகத் தூக்குகிறது. எந்த ஆபத்தை நீக்க வந்ததோ அந்த ஆபத்தையே கருவி வேறொரு வாசல் வழியாக அழைத்துவருகிறது.

மூன்றாவது அளவையிலும் அது தேறாது. வில்தண்டுகள் சமமான சாலைக்கானவை. வரப்பில் ஏறி இறங்கும்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள கோணம் சட்டென்று மாறும். டிராக்டர் மேட்டில் ஏறி டிரெய்லர் பள்ளத்தில் நின்றால் தண்டின் விறைப்பு அப்படியே விட்டுப்போகும். டிராக்டர் பள்ளத்தில் இறங்கி டிரெய்லர் மேட்டில் நின்றால் விறைப்பு பல மடங்காகிப் பின்சக்கரத்தையே மண்ணிலிருந்து தூக்கப் பார்க்கும். தண்டு வளையும், அல்லது சங்கிலி அறும். ஒவ்வொரு வயலிலும் கழற்றி, தார்ச்சாலை ஏறியதும் பூட்டுவது என்பது வெட்டிய கரும்பை வாடவிடாமல் ஆலைக்குச் சேர்க்க விரையும் ஓட்டுநரிடம் கேட்கக்கூடியது அல்ல. தாமதமானால் கரும்பின் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். இருக்கும் வண்டியில் முடிந்தவரை ஏற்றிவிடத் தூண்டுவதும் அந்த அவசரம்தான்.

நான்கு சக்கர டிரெய்லர் போதுமா?

மூக்குப் பாரமே இல்லாத நான்கு சக்கர டிரெய்லருக்கு மாறிவிடலாம் என்ற வாதத்தில் வலு உண்டு. முன் அச்சு 500-க்கு இறங்காது, 800-லேயே நிற்கும். ஆனால் டிராக்டரின் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. அந்தச் சக்கரங்களின் மேல் 1,200 கிலோ மட்டும் இருக்க, பத்து டன்னை நிறுத்தச் சொல்கிறோம். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பை 0.6 என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 22 மீட்டர் வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் மூக்குப் பாரம் பின்சக்கரத்தை அழுத்துவதால் 10 அல்லது 11 மீட்டரில் நிற்கும். இவை எடை முன்சாய்வதை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குகள். ஓட்டுநர் காலை எடுத்து பிரேக்கில் வைக்கும் நேரத்தில் வண்டி ஓடும் தூரமும் இவற்றில் சேரவில்லை. ஆனாலும் ஒன்றை இவை தெளிவாகக் காட்டுகின்றன: பிரேக் இல்லாத நான்கு சக்கர டிரெய்லர், முன்னால் தந்ததை நிறுத்தும்போது திருப்பி எடுத்துக்கொள்கிறது.

டிரெய்லருக்கே பிரேக் இருந்தால் படம் மாறிவிடும். டிரெய்லர் சக்கரங்களில் கிடைக்கக்கூடிய பிடிப்பில் பாதியைப் பயன்படுத்தினாலே போதும். எந்த வகை டிரெய்லரும் அதே வேகத்திலிருந்து 5 மீட்டர் அளவில் நின்றுவிடும். இருட்டில் சாலையோரம் நடக்கும் ஒரு குடும்பத்துக்கு 22-க்கும் 5-க்கும் உள்ள இந்த வித்தியாசம் உயிர்.

பாரம் ஏற்றும் முறையையும் இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் கரும்புக் கட்டு பின்பக்கம் நீட்டிக்கொண்டு போனால் மூக்கு இலேசாகும். பார்வைக்கு முன்சக்கரம் நன்றாக அழுந்தும். ஓட்டுநருக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஆறுதல் பின்சக்கரத்தின் பிடிப்பையும் பிரேக்கையும் விற்று வாங்கியது. மூக்கு மேல்நோக்கியே தூக்கத் தொடங்கினால் டிராக்டரின் பின்புறம் பஞ்சாகி, வளைவில் டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். முன்சக்கரம் தூக்குவதற்குக் கரும்பைப் பின்னால் தள்ளி அடுக்குவது தீர்வே அல்ல. பானெட்டின் மேலோ முன் பம்பரிலோ ஆளை உட்கார வைப்பதும் அப்படித்தான். இரும்பு செய்ய வேண்டிய வேலைக்கு மனித உடம்பை வைப்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

தீர்ப்பு

காரால் கேரவன் இழுப்பவர்களுக்கு எடைபகிர் கொக்கி தகும். காரின் கையேடு அதை அனுமதிக்க வேண்டும், மூன்று அளவுகளும் எடுக்கப்பட வேண்டும், மூக்குப் பாரம் அளந்து தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது நிம்மதியை மட்டும் தரும், பாதுகாப்பைத் தராது.

கரும்பு டிராக்டருக்கு அது தகாது. முன்சக்கரத்துக்கு எடையை மீட்டுத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு அது கேட்கும் விலைதான் மூன்று வழிகளுள் மிக அதிகம். கேட்கும் இடமும் டிராக்டர் இழக்கக் கூடாத பின்சக்கரம். வரப்பில் அது நிலைக்காது. டிராக்டருக்கு முதல் தேவை டிரெய்லர் பிரேக். இரண்டாவது, டிராக்டர் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவில் முன் வெயிட். மூன்றாவது, தயாரிப்பாளர் வைத்த இடத்திலேயே, வைத்த உயரத்திலேயே கொக்கி இருப்பது. பட்டறையில் அதை நீட்டுவதும் உயர்த்துவதும் முன் அச்சிலிருந்து எடையைத் திருடும் வேலை. இம்மூன்றும் இருந்தால் இரண்டு சக்கரமா நான்கு சக்கரமா என்பது வயலின் வழியையும் வசதியையும் பார்த்து உரிமையாளர் முடிவு செய்யக்கூடியது.

இந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வரச் சட்டம் மட்டும் உதவாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மொத்த எடையை அடக்க அது வேண்டும். ஆனால் மொத்தம் வரம்புக்குள் இருக்கும்போதே முன்சக்கரம் மிதக்க முடியும் என்பதை மேலே பார்த்தோம். அதைப் பிடிக்கும் அளவுகோல் ஒவ்வொரு சர்க்கரை ஆலையின் வாசலிலும் ஏற்கெனவே இருக்கிறது: எடைமேடை. பாரத்தோடு வரும் டிராக்டரின் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறியதும் ஒரு கணம் நிறுத்தி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வழக்கம்போல முழு வண்டியையும் நிறுக்கலாம். முன் அச்சின் எண் டிராக்டர் எடையில் நான்கில் ஒரு பங்கோ அதற்குக் கீழேயோ இருந்தால், ஏற்றத்திலும் சேற்றிலும் அது ஐந்தில் ஒரு பங்கையும் இழந்துதான் வந்திருக்கிறது என்று பொருள். கரும்பு ரசீதிலேயே அந்த எண்ணை அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த நடையில் எதை மாற்றுவது என்று ஓட்டுநருக்கும் விவசாயிக்கும் தெரியும். புதிய கருவி வாங்க வேண்டாம், புதிய விதி எழுத வேண்டாம். வண்டிக்கு ஒரு நிமிடம் போதும். வரும் அரவையில் திருவாலங்காட்டு ஆலை இதைத் தொடங்கினால், மற்ற ஆலைகள் பின்பற்ற ஒரு முன்மாதிரி கிடைக்கும்.